வேறிடத்தில் சிகிச்சை பெற்றவர்

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
12.2.2024

யமுனாவுக்கு,

உன் பேருக்கு முன்னால் எப்போதும் போடும் சொல்லை இன்று போடக் கை வரவில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

நீ நாலு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இறங்கிப்போய்விடுவேன். அதோடு, எனக்கு நீ அந்த மாத்திரையைச் சொன்னதும் போனில்தான். இனி நம் இருவருக்கும் நடுவில் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

எனக்கு வந்திருப்பது கரப்பான் இல்லை. தோலில் வரும் லிம்போமா. புற்றுநோய். போன மாதம் சென்னையில் என் இடுப்பிலும் தொடையிலும் மூன்று இடத்தில் சதை வெட்டி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பூஞ்சைக்காளான் போல இருக்கிறது, ஆனால் பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். உனக்குத் தெரிந்திருக்கும். பரீட்சைக்குப் படித்திருப்பாய்.

ஐந்து வருஷம் உன்னிடம் காட்டினேன். ஹாஸ்டலில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள், இந்த மலையிலிருந்து தோல் டாக்டராகப் போன முதல் பெண், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வேறு யாரிடமும் போகவில்லை. நீ களிம்பு சொன்னாய், தடவினேன். களிம்பை மாற்றினாய், அதையும் தடவினேன். போன வருஷம் அரிப்பு தாங்காமல் படம் எடுத்து அனுப்பியபோது, "இதைக் கொஞ்ச நாள் சாப்பிடு, சரியாயிடும்" என்று சைக்ளோஸ்போரின் சொன்னாய். அட்டையைக் கிழித்தாலே சாராய வாடை அடிக்கும் மாத்திரை. வேளை தவறாமல் விழுங்கினேன். அரிப்பு அடங்கியது. நாலாவது மாதத்தில் படை தடித்தது. ஐந்தாவது மாதத்தில் தொடையில் பாக்கு அளவுக்குக் கட்டிகள் கிளம்பின. அதுவரை நான்கு வருஷம் அங்கேயே சும்மா கிடந்த படை அது.

சென்னை டாக்டர் முரளி என் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் சின்னச் சின்ன வட்டம் போட்டுக் காட்டினார்.

"ஆரம்பத்துல உங்க படையில கெட்ட செல் கொஞ்சம்தாம்மா. சுத்தி நிக்கறது பூரா நல்ல செல். கெட்டது பரவாம அதுங்கதான் பிடிச்சு வச்சிருந்திருக்கு. இந்த மாத்திரை அந்த நல்ல செல்லைத்தான் அடக்கும். எத்தனை மாசம் சாப்பிட்டீங்க? என்ன அளவு?"

எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ அனுப்பிய மெசேஜ் எல்லாம் இருந்த போன் போன ஆடியில் ஓடையில் விழுந்துவிட்டது. கடைக்காரர் சீட்டுக் கேட்கவில்லை, உன் பேரைச் சொன்னாலே கொடுத்தார். அதனால் எனக்கு வேண்டியது இது: என்றைக்கு ஆரம்பித்தாய், எவ்வளவு கொடுத்தாய், என்றைக்கு நிறுத்தினாய், இதைக் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பு. அதைப் பார்த்துத்தான் எனக்கு அடுத்து என்ன வைத்தியம் என்று முடிவு செய்வாராம்.

இன்னொன்றும் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டு உன்னிடம் வந்த சின்னுசாமி மாமாவும் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார். அவரைச் சதை வெட்டிப் பார்த்தாயா?

கலைச்செல்வி

*

சேலம்.
20.2.2024

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் பிரித்தேன். அதற்குப்பிறகு நோயாளிகளைப் பார்க்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ கோபப்படுவது நியாயம். ஆனால் நான் சொல்வதையும் கேள். இந்த நோய் ஆரம்பத்தில் கரப்பானைப் போலவே இருக்கும். பெரிய பெரிய ஊர்களில்கூடக் கண்டுபிடிக்கச் சராசரியாக நாலைந்து வருஷம் ஆகிறது. சதை வெட்டிப் பார்த்திருந்தாலும் முதல் தடவை ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம். இரண்டு மூன்று தடவை வெட்டியும் கரப்பான் என்றே ரிப்போர்ட் வந்தவர்கள் உண்டு.

டாக்டர் முரளி சொன்னது சரிதான். இப்போது ஆராய்ச்சிகள் எல்லாம் கெட்ட செல்லைவிட அதைச் சுற்றியிருக்கும் நுண்சூழலைத்தான் அதிகம் பார்க்கின்றன. உன் நோயில் கெட்டுப்போவதே உடம்பைக் காக்கும் டி செல்தான். அதைச் சுற்றி நிற்கும் நல்ல டி செல்கள் முதலில் அதை அடக்குகின்றன. நாளாக ஆக அவை களைத்துப்போகின்றன. தோலில் இருக்கும் மற்ற செல்களும் கெட்டதற்குச் சாதகமான ரசாயனங்களைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. அக்கம்பக்கத்தவர்களே திருடனுக்குச் சோறு போட்டு வைத்துக்கொள்வது போல. அந்தத் திருப்பம் எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை இல்லாவிட்டாலும் உனக்கு இப்படி ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம்.

நீ கேட்ட விவரத்தைப் பழைய பதிவுகளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். நேரில் வந்து பேசுகிறேனே. உடம்பில் உரசாத பருத்தி நைட்டி நாலு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

உன் யமுனா

*

வளப்பூர் நாடு.
2.3.2024

யமுனாவுக்கு,

நைட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும். நான் தையல்காரி. எனக்கு வேண்டியதை நானே தைத்துக்கொள்வேன்.

அக்கம்பக்கத்தார் திருடனுக்குச் சோறு போடுவது போல என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் அக்கம்பக்கத்தை உனக்குத் தெரியாதா? என் கையில் படை வந்தபின் ஜாக்கெட் அளவு கொடுக்க வர நாலு பேர் கூசினார்கள், உண்மைதான். பக்கத்து ஊட்டு மயிலம்மாள் வந்து, "ஏன் கண்ணு, இது ஒட்டிக்குமா?" என்று நேராகவே கேட்டாள். ஒட்டாது என்றேன். "அப்ப எனக்கு அளவெடு" என்று அங்கேயே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் சென்னையில் இருக்கும்போது என் ஊட்டுக்காரருக்கும் புள்ளைக்கும் களி கிண்டிக் கொடுப்பது அவள். என் தோலைப் பற்றிப் பேசுவதானால் தோலைப் பற்றி மட்டும் பேசு. கதை வேண்டாம்.

வெட்டியிருந்தாலும் தெரியாமல் போயிருக்கலாம் என்கிறாய். வெட்டி, தெரியாமல் போயிருந்தால் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? நீ வெட்டவே இல்லை. ஐந்து வருஷத்தில் என்னை நேரில் பார்த்தது மூன்று தடவை. மற்றதெல்லாம் போட்டோ. சிநேகிதி என்பதால் சலுகை செய்தாய். "நீ எதுக்குக் கண்ணு அவ்வளவு தூரம் பஸ்ஸில வாரே, படம் அனுப்பு போதும்" என்றாய். முகம் தெரியாத எவளோ ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தால் துணியை விலக்கிப் பார்த்திருப்பாய், ஊசி போட்டு மரத்துப்போக வைத்து ஒரு துண்டு வெட்டியிருப்பாய். உன் சிநேகிதியாக இருந்ததுதான் எனக்கு வந்த வினை.

யாரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்? வக்கீலிடமா? நான் உன்மேல் கேஸ் போடுவேன் என்று நினைத்தாயா?

சின்னுசாமி மாமாவைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால் நானே போனேன். மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். மாத்திரையை நிறுத்துங்கள் என்றேன்.

"அதெல்லாம் நிறுத்த மாட்டன் கண்ணு. போன வருசம் வரைக்கும் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமாக் கெடந்தன். இப்பத்தான் மனுசனாட்டம் இருக்கறன். டாக்டரம்மா சொல்லட்டும், நிறுத்தறன். நீ சொன்னா எப்பிடி?"

"மாமா, எனக்கும் அதே மாத்திரைதானுங்க. எங் காலைப் பாருங்க" என்று சேலையைத் தூக்கித் தொடையைக் காட்டினேன். மாமன் முறை, வெட்கமாக இருந்தது. ஆனாலும் காட்டினேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஒரு டாக்டர் போன் செய்து சொல்ல வேண்டியதை நான் சேலையைத் தூக்கிக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. இதை மறந்துவிடாதே.

கலைச்செல்வி

*

சேலம்.
9.3.2024

கலை,

சின்னுசாமி மாமாவை வரவழைத்துவிட்டேன். நேற்று முதுகில் இரண்டு இடத்தில் வெட்டி எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதே மாத்திரையில் இருக்கும் மற்ற பதினோரு பேரையும் ஒவ்வொருவராக வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் படங்களை எல்லாம் தேடி எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். 2021 பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தில், இடுப்புக்குக் கீழே வெயில் படாத இடத்தில், தோல் சுருங்கி மெல்லிசாகிப் பளபளவென்று இருக்கிறது. கரப்பான் அப்படி இருக்காது. என்னிடம் படிக்கும் மாணவி அதைக் காட்டிக் கேட்டிருந்தால் உடனே வெட்டிப் பார் என்று சொல்லியிருப்பேன். அதற்கு நான் உனக்கு அனுப்பிய பதில், "களிம்பை விடாதே. பொங்கல் வாழ்த்துகள்."

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

யமுனா

*

வளப்பூர் நாடு.
14.4.2024

யமுனா,

சின்னுசாமி மாமாவுக்குச் சொரியாசிஸ்தான், வேறு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்ததை அவர் மனைவி பெருமாயி அக்கா எங்கள் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

"அஞ்சு வாரம் மாத்திரைய நிறுத்தி எம் புருசன் தோலு உரிஞ்சு கெடக்குது. உனக்கு வந்தா எல்லாருக்கும் வந்துருமா? வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமல்ல நீயி?"

அவர் விஷயத்தில் நான் நினைத்தது தப்பு. அவர் பட்ட பாடு என்னால்தான். மறுநாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மாமா கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டே, "உடு கண்ணு, பாத்துக்கிட்டது நல்லதுதானே" என்றார். அக்கா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா மறுபடியும் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது நல்ல மருந்துதான் போலிருக்கிறது. ஒரே மருந்து ஒரு தோலுக்கு நல்லது செய்கிறது, இன்னொரு தோலில் காவலை எல்லாம் படுக்க வைக்கிறது. எந்தத் தோல் என்று கொடுக்குமுன் பார்த்துக்கொள்வதற்குத்தானே வெட்டுவது?

என் விவரம் இன்னும் வரவில்லை. பொங்கல் படத்தைப் பற்றி எழுதினாய். படித்தேன், அன்று முழுக்க மெஷினில் உட்காரவில்லை. ஆனால் நீ வருத்தப்படுவதை வைத்து முரளி டாக்டர் என்ன செய்வார்? அவருக்குத் தேதி வேண்டும். அளவு வேண்டும்.

இடுப்பு மடிப்பில் நெறி கட்டியிருக்கிறது. அதிலும் ஊசி குத்தி எடுத்திருக்கிறார்கள். இரண்டு வழி இருக்கிறதாம். ரத்தத்தில் ஏற்றும் கடுமையான மருந்து ஒன்று. கெட்டதை அடிக்கும், கூடவே மிச்சமிருக்கும் நல்ல செல்லையும் அடிக்கும். இன்னொன்று, தோல் முழுக்கக் கதிர் வைத்துவிட்டு, நல்ல செல்லைத் தட்டி எழுப்பும் ஊசி போடுவது. "மாத்திரையாலதான் அதுங்க அடங்கிப் போச்சுன்னா, நிறுத்தினா மறுபடி எழுந்து நிக்க வாய்ப்பு இருக்கும்மா. தானாவே களைச்சுப் போயிருந்தா கணக்கு வேற. அதனாலதான் தேதி கேக்கறேன்" என்கிறார்.

இப்போதாவது புரிகிறதா? நான் உன் கையெழுத்தைக் கேட்டது உன்னை மாட்டிவைக்க இல்லை. என் உடம்பில் இன்னும் என் பக்கம் நிற்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. இரண்டு மாதமாக நீ உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய் யமுனா. என்னைக் காப்பாற்றுவது எப்போது?

கலைச்செல்வி

*

சேலம்.
22.4.2024

அன்புள்ள கலை,

இத்துடன் எல்லாம் இருக்கிறது. 2019 முதல் நான் கொடுத்த களிம்புகள், சைக்ளோஸ்போரின் ஆரம்பித்த தேதி, இடையில் அளவைக் கூட்டிய தேதி, நிறுத்திய தேதி, படங்கள். கடைசிப் பக்கத்தில் என் கைப்பட எழுதியிருக்கிறேன்: நேரில் முழுதாகப் பரிசோதிக்காமலும் சதைப் பரிசோதனை செய்யாமலும் இந்த மருந்தைக் கொடுத்தேன். கையெழுத்து, பதிவு எண், முத்திரை. இதன் நகலை டாக்டர் முரளிக்கும் நேற்றே அனுப்பி, போனிலும் பேசினேன்.

யாரிடமும் கேட்கவில்லை.

யமுனா

*

சேலம்.
27.5.2024

அன்புள்ள கலை,

உனக்குக் கதிர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று டாக்டர் முரளி சொன்னார். நெறியில் கெட்டது இல்லை என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் நான் சோற்றைச் சோறாகச் சாப்பிட்டேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சொல்லாவிட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். இங்குள்ள தோல் டாக்டர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். உன் நோயைப் பற்றி அங்கே எடுத்துச் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் இனி வெட்டிப் பார்க்காமல் இந்த மாத்திரையை எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன். பத்து நாள் தயார் செய்தேன். எழுந்து நின்று படத்தைப் போட்டேன். "முப்பத்தொன்பது வயதுப் பெண். வேறிடத்தில் சிகிச்சை பெற்றவர்" என்று வாயில் வந்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் சொல்வது வழக்கம். வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. திருத்த அரை மணி நேரம் இருந்தது. திருத்தவில்லை. பேசி முடித்ததும் கை தட்டினார்கள். மூத்த டாக்டர் ஒருவர், "யாரும்மா அந்த முட்டாள், வெட்டாமல் கொடுத்தது?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உன்னைப் பார்க்க வரலாமா?

யமுனா

*

சென்னை.
3.6.2024

யமுனா,

இதை என் மகள் இளமதி எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. கதிரில் விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்து பேனா பிடிக்க முடியவில்லை. தலைமுடியும் கொட்டிப்போய்விட்டது. அவள் என் கோபத்தைக் குறைத்து எழுதிவிடுவாளோ என்று ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்.

வேறிடம் என்றால் எந்த இடம்?

நான் எந்த வேறிடத்துக்கும் போகவில்லையே. ஐந்து வருஷம் உன் ஓரிடத்தைத் தவிர எங்கும் போகவில்லையே. அதுதானே என் குற்றம்! நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய அன்று, சரி, யமுனா மனுஷிதான் என்று இளமதியிடம் சொன்னேன். அதே கையால் என் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டி, அதற்குப் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாய். என் தொடையையும் இடுப்பையும் அத்தனை டாக்டர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். அதில் எனக்கு வெட்கமில்லை, சின்னுசாமி மாமாவிடமே காட்டியவள் நான். ஆனால் என் உடம்பு மட்டும் திறந்து கிடந்தது, உன் பேரை மூடிக்கொண்டாய்.

பேரைச் சொல்லக் கூடாது என்பது நோயாளியின் மானத்துக்காக என்று இங்கே சொல்கிறார்கள். என் மானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பேரைச் சொல்ல நான் சம்மதம் கொடுக்கிறேன், இதையே சீட்டாக வைத்துக்கொள். மறுபடியும் அதே கூட்டத்தில் எழுந்து நில். கலைச்செல்வி, வளப்பூர் நாடு, தையல் வேலை என்று சொல். மருந்து கொடுத்தது யார் என்றும் சொல். கேட்பவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும். எங்கோ ஒரு முட்டாள் செய்தான் என்றால் சிரித்துவிட்டுப் போவார்கள். தங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள், கெட்டிக்காரி, நல்லவள், அவளே செய்தாள் என்றால்தான் ஊருக்குப் போய்ச் சீட்டெழுதும்போது கை நிற்கும்.

சொல்லாமல் என்னைப் பார்க்க வராதே.

கலைச்செல்வி
(அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் விடவில்லை அத்தை. இளமதி)

*

சேலம்.
17.6.2024

அன்புள்ள கலைக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தலைவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். படம் எதுவும் போடவில்லை.

"போன மாதம் நான் சொன்ன நோயாளியின் பெயர் கலைச்செல்வி. கொல்லிமலை, வளப்பூர் நாடு. தையல் வேலை செய்கிறார். பெயரைச் சொல்லச் சொன்னது அவர்தான். அவர் வேறிடத்தில் சிகிச்சை பெறவில்லை. என்னிடம் பெற்றார். வெட்டிப் பார்க்காமல் மருந்து கொடுத்தது நான்" என்றேன். யாரும் கை தட்டவில்லை. போன தடவை சிரித்த டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். காபி நேரத்தில் என்னிடம் யாரும் வந்து நிற்கவில்லை.

கிளம்பும்போது ஓர் இளம் டாக்டர், பெண், படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "மேடம், எங்கிட்ட இப்படி ரெண்டு பேர் இருக்காங்க. நாளைக்கே வரச் சொல்லி பயாப்ஸி எடுக்கப் போறேன்" என்றாள். அவள் பேரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

நீ ஊருக்குத் திரும்பிவிட்டதாக அறிந்தேன். வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸுக்கு வரட்டுமா? நீ வேண்டாம் என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யமுனா

*

வளப்பூர் நாடு.
20.6.2024

யமுனாவுக்கு,

இது என் கையெழுத்துதான். கோணலாக இருந்தாலும் படித்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. அன்று ஊசி போட நாமக்கல்லுக்குப் போகிறேன். வாரம் மூன்று ஊசி. போட்ட அன்று குளிர் காய்ச்சல் வந்து இரண்டு கம்பளி போர்த்தினாலும் உடம்பு ஆடும். தொடைக் கட்டிகள் வற்றிவிட்டன. எழுந்து நிற்க வேண்டியவை எழுந்து நிற்கின்றனவா என்று ஆறு மாதம் பார்த்துத்தான் சொல்வாராம்.

புதன்கிழமை வா. பெருமாயி அக்காவும் உன்னிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டுமாம். வாங்கிக்கொள். நான் குறுக்கே வரமாட்டேன்.

என் கோபம் தீரவில்லை. நீ வந்து உட்கார்ந்த பிறகும் இருக்கும், சொல்லிவிட்டேன். தீர்ந்த பிறகு உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று முரளி டாக்டரும் சொல்லவில்லை. அதனால் கோபம் இருக்கும்போதே வா.

கலை